பொம்மிடி டு வாஷிங்டன்... ஒரே கட்சி எல்லா இடத்திலும் ஜெயித்தால் எதிர்க்கட்சி எங்கே போகும்?

2014 மே 16. மக்களவைத் தேர்தல் முடிவுகள் வெளியான நாள். தமிழ்நாட்டில் மொத்தம் 39 தொகுதிகள். அதில் 37 தொகுதிகளை அ.தி.மு.க. அள்ளியது. மிச்சம் இரண்டுதான். ஒன்று கன்னியாகுமரி, பா.ஜ.க.வின் பொன்.ராதாகிருஷ்ணன் ஜெயித்தார். இன்னொன்று தருமபுரி, பா.ம.க.வின் அன்புமணி ராமதாஸ் ஜெயித்தார்.

சென்னையிலிருந்து சேலத்துக்கு ரயிலில் போகிறவர்களுக்கு பொம்மிடி தெரிந்திருக்கும். ஜோலார்பேட்டையைத் தாண்டி, சேலம் வருவதற்கு முன்னால் வரும் ஸ்டேஷன். பாப்பிரெட்டிப்பட்டி தாலுகாவில் இருக்கும் இந்த ஊர், தருமபுரி மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. அதாவது, மாநிலமே ஒரு பக்கம் சாய்ந்தபோது சாயாமல் நின்ற இரண்டு தொகுதிகளில் ஒன்று இவர்களுடையது.

அந்தத் தேர்தலின் இன்னொரு கணக்கு பலருக்கும் நினைவிருக்காது. 37 தொகுதிகளை ஜெயித்த அ.தி.மு.க. பெற்ற ஓட்டு 45 சதவீதத்துக்கும் குறைவு. ஏறத்தாழ 24 சதவீத ஓட்டு வாங்கிய தி.மு.க.வுக்கு ஒரு சீட்கூட கிடைக்கவில்லை.

அப்படியானால் அந்த 24 சதவீத ஓட்டு என்ன ஆனது? ஒரே கட்சி எல்லாவற்றையும் ஜெயிக்கும்போது, எதிர்த்துப் போட்டவர்களின் குரல் எங்கே போகிறது? இந்தக் கேள்விக்கு பதில் தேட, இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்குப் போக வேண்டும். அப்படியே அதற்கும் 130 வருடம் முந்தைய அமெரிக்காவையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்.

இரட்டைக் காளையும் தனித்தனிப் பெட்டியும்

1951 அக்டோபர் 25-ல் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்தது சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல். 17 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தேர்தலை நடத்தும் பொறுப்பு, முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னிடம் இருந்தது.

இன்று இருப்பதுபோல இயந்திரம் கிடையாது. ஒரே சீட்டில் எல்லாச் சின்னங்களும் அச்சடித்துத் தரப்படவும் இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம். பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். காங்கிரஸின் சின்னம் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை.

பெயரைச் சொல்லத் தயங்கி, 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்று மட்டும் பதிவு செய்திருந்த சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. சென்னின் கறாரான முடிவு அது. ஆனாலும் 21 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லோருக்கும் முதல் தேர்தலிலேயே ஓட்டுரிமை என்பது உலகமே வியந்த விஷயம்.

முடிவு என்ன? மக்களவையின் 489 இடங்களில் காங்கிரஸுக்கு 364. கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு. வாங்கிய ஓட்டு 45 சதவீதம்தான்.

சோஷலிஸ்ட் கட்சியின் நிலைமை இன்னும் விசித்திரம். 10 சதவீதத்துக்கும் மேல் ஓட்டு; கிடைத்தது 12 இடம். அதில் மூன்றில் ஒரு பங்கு ஓட்டுகூட வாங்காத கம்யூனிஸ்ட் கட்சிக்கு 16 இடம். ஏனென்றால் சோஷலிஸ்ட்டுகளின் ஓட்டு நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தது. கம்யூனிஸ்ட்டுகளின் ஓட்டு சில பகுதிகளில் குவிந்து கிடந்தது.

இதன் சூட்சுமம் எளிது. பொம்மிடியில் 100 பேர் ஓட்டுப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்சிக்கு 40, இன்னொன்றுக்கு 35, மூன்றாவதுக்கு 25. 40 வாங்கியவர் ஜெயித்துவிடுவார். 60 பேர் அவருக்குப் போடவில்லை என்பது கணக்கிலேயே வராது. இதே கதை எல்லா ஊரிலும் நடந்தால், 40 சதவீத ஓட்டுக்காரரிடம் 100 சதவீத சீட் இருக்கும்.

இன்னொரு தகவல்: எந்த மக்களவைத் தேர்தலிலும் காங்கிரஸ் 50 சதவீத ஓட்டைத் தொட்டதே இல்லை. இந்திரா காந்தி படுகொலைக்குப் பிறகு 400 இடங்களைத் தாண்டிய 1984-ல்கூட இல்லை.

சென்னையில் மட்டும் சறுக்கல்

நாடெங்கும் காங்கிரஸ் ஜெயித்த 1952-ல், அன்றைய சென்னை மாகாணத்தில் மட்டும் அது திணறியது. ஆந்திரப் பகுதிகளும் மலபாரும் சேர்ந்திருந்த அந்தப் பெரிய மாகாணத்தில் சட்டமன்ற இடங்கள் 375. காங்கிரஸ் ஜெயித்தது 152. முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார். கம்யூனிஸ்ட்டுகள் 62 இடங்களைப் பிடித்தார்கள்.

பெரும்பான்மைக்கு 188 வேண்டும். 36 குறைகிறது. இந்த நேரத்தில் அழைத்து வரப்பட்டவர்தான் ராஜாஜி.

அன்றைய சேலம் மாவட்டத்தில், ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். நாட்டின் கவர்னர் ஜெனரல் பதவி வரை பார்த்துவிட்டவர். அவர் அந்தத் தேர்தலில் நிற்கவே இல்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார். 1952 ஏப்ரல் 10-ல் முதலமைச்சரானார். தேர்தலில் நிற்காதவரைப் பின்வாசல் வழியாக முதல்வராக்கலாமா என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது.

ராஜாஜி அடுத்து செய்தது எண்ணிக்கை வேலை. வட மாவட்டங்களில் வன்னியர் மக்களிடையே செல்வாக்குப் பெற்ற இரண்டு கட்சிகள், காங்கிரஸை எதிர்த்து நின்று ஜெயித்திருந்தன. எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சியின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்கு 19 இடம். எம்.ஏ.மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6 இடம். மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜியின் அமைச்சரவையில் சேர்ந்தார். 1954-ல் காமராஜர் முதல்வரானபோது ராமசாமி படையாட்சியும் அமைச்சரானார். பிறகு இரண்டு கட்சிகளுமே காங்கிரஸில் கரைந்தன.

எதிர்த்து ஜெயித்தவர்களை உள்ளே இழுத்துக்கொள்வது. காங்கிரஸ் அடுத்த 15 வருடம் அசைக்க முடியாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். 1957-ல் சென்னை மாநிலத்தின் 205 இடங்களில் காங்கிரஸுக்கு 151. 1962-ல் 206-ல் 139.

வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி

1964-ல் அரசியல் ஆய்வாளர் ரஜனி கோத்தாரி இதற்கு ஒரு பெயர் வைத்தார்: 'காங்கிரஸ் அமைப்பு'. அவர் சொன்னதன் சாரம் இதுதான். காங்கிரஸுக்கு உண்மையான போட்டி வெளியே இல்லை, உள்ளேயே இருக்கிறது. இடதுசாரி, வலதுசாரி, நிலக்கிழார், தொழிற்சங்கத்தார், ஒவ்வொரு சாதிக்கும் ஒரு தலைவர் என எல்லோரும் ஒரே கூரையின் கீழ் சண்டை போடுகிறார்கள். வெளியே இருக்கும் சிறு கட்சிகள், உள்ளே இருக்கும் ஒரு கோஷ்டியைத் தூண்டிவிட்டு தங்கள் காரியத்தைச் சாதித்துக்கொள்கின்றன.

பெரிய கூட்டுக் குடும்பம் மாதிரி. சண்டை இருக்கும், ஆனால் தனிக்குடித்தனம் போக மாட்டார்கள்.

நாட்டின் பிரதமர் யார் என்பதையே அந்தக் குடும்பம்தான் முடிவு செய்தது. 1964-ல் நேரு மறைந்த பிறகு, கட்சித் தலைவர் காமராஜர் எல்லோரிடமும் பேசி லால் பகதூர் சாஸ்திரியைக் கொண்டுவந்தார். சாஸ்திரி மறைந்த பிறகு, 1966 ஜனவரியில் காங்கிரஸ் எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டார்கள். இந்திரா காந்திக்கு 355. மொரார்ஜி தேசாய்க்கு 169. நாட்டின் அடுத்த பிரதமர் முடிவாகிவிட்டார்.

இதற்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு. வெளியே நிஜமான போட்டி வந்தபோது இந்தக் கட்சி எப்போதும் பெருந்தன்மையோடு நடந்துகொள்ளவில்லை. கேரளத்தில் 1957-ல் தேர்தலில் ஜெயித்து ஆட்சிக்கு வந்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அரசை, 1959-ல் மத்திய அரசு கலைத்தது.

அமெரிக்காவில் நடந்த அதே கூத்து

காங்கிரஸ் எம்.பி.க்கள் கூடி பிரதமரை முடிவு செய்தது போலவே, கிட்டத்தட்ட 150 வருடங்களுக்கு முன்பு அமெரிக்காவிலும் நடந்தது.

பிரிட்டிஷாரிடமிருந்து விடுதலை பெற்ற அமெரிக்காவில் 1789-ல் முதல் அதிபரானவர் ஜார்ஜ் வாஷிங்டன். அவருக்கு எதிரே ஆளே இல்லை. அவருக்குப் பிறகு இரண்டு அணிகள் மோதின. ஒன்று ஃபெடரலிஸ்ட் கட்சி. இன்னொன்று தாமஸ் ஜெஃபர்சனின் கட்சி. அதை ஜனநாயகக் குடியரசுக் கட்சி என்பார்கள்.

1800 தேர்தலில் ஃபெடரலிஸ்ட் கட்சி தோற்றது. ஜெஃபர்சன், மேடிசன், மன்றோ என ஒரே கட்சியைச் சேர்ந்த, ஒரே வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த மூன்று பேர் 1801 முதல் 1825 வரை வரிசையாக ஆண்டார்கள். 24 வருடம்! 1816-க்குப் பிறகு ஃபெடரலிஸ்ட்டுகளால் அதிபர் பதவிக்கு ஒரு வேட்பாளரைக்கூட நிறுத்த முடியவில்லை.

1820-ல் உச்சம். மன்றோவை எதிர்த்து யாருமே நிற்கவில்லை. பதிவான 232 தேர்வாளர் ஓட்டுகளில் 231 அவருக்கே. மாற்றிப் போட்டது ஒரே ஒருவர்தான். அந்தக் காலத்துக்கு 'நல்லுணர்வுக் காலம்' என்றே பெயர் வந்தது.

அந்தக் காலத்து அமெரிக்காவில் ஓட்டுரிமை பெரும்பாலும் வெள்ளையின ஆண்களுக்குத்தான் இருந்தது. பல மாநிலங்களில் சொத்தும் இருக்க வேண்டும். பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டுரிமை கிடைக்க 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பொம்மிடிப் பெண்களுக்கு அது குடியரசின் முதல் தேர்தலிலேயே கிடைத்துவிட்டது.

அங்கேயும் அதிபர் வேட்பாளரை ஆளும் கட்சியின் எம்.பி.க்கள் கூடித்தான் முடிவு செய்தார்கள். எதிர்க்கட்சி இல்லாததால் அவர்கள் கைகாட்டியவர் அதிபராவது உறுதி. 1824-ல் இந்த ஏற்பாடு உடைந்தது. கட்சிக் கூட்டத்துக்கு வந்தவர்களே 66 பேர்தான். அவர்கள் வில்லியம் க்ராஃபோர்டைத் தேர்வு செய்தார்கள். மற்றவர்கள் ஏற்கவில்லை. ஒரே கட்சியிலிருந்து நான்கு பேர் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றார்கள்.

ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99 தேர்வாளர் ஓட்டு. ஜான் குயின்சி ஆடம்ஸுக்கு 84. க்ராஃபோர்டுக்கு 41. ஹென்றி கிளேவுக்கு 37. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. விவகாரம் பிரதிநிதிகள் சபைக்குப் போனது. அங்கே ஆடம்ஸ் ஜெயித்தார். அவருக்கு ஆதரவு திரட்டிய கிளே வெளியுறவு அமைச்சரானார். 'இது பேரம்' என்று கொதித்த ஜாக்சன் தரப்பு, நான்கே வருடத்தில் தனிக் கட்சியாகத் திரண்டு 1828-ல் ஆட்சியைப் பிடித்தது. இன்றைய ஜனநாயகக் கட்சியின் வேர் அதுதான்.

எதிரியே இல்லாமல் ஜெயித்த 1820-க்கும், கட்சி நான்காக உடைந்த 1824-க்கும் நடுவில் ஒரு தேர்தல்கூட கிடையாது.

1967: ஓட்டு அதிகம்... சீட் குறைவு!

இந்தியாவில் அந்தத் திருப்பம் 1967-ல் வந்தது. மக்களவையில் காங்கிரஸ் 520-ல் 283 இடங்களோடு தப்பிப் பிழைத்தது. ஆனால் எட்டு மாநிலங்களில் பெரும்பான்மையை இழந்தது. காங்கிரஸ் ஆளாத மாநிலங்கள் வழியாகவே டெல்லியிலிருந்து ஹவுராவுக்கு ரயிலில் போய்விடலாம் என்று அப்போது பிரபலமான ஒரு பேச்சு உண்டு.

சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1965 அக்டோபர் 2-ல் தருமபுரி மாவட்டம் உருவான பிறகு, இந்தப் பகுதி சந்தித்த முதல் பொதுத்தேர்தலும் அதுதான். காற்று மாறுவதற்கான அறிகுறி முன்பே தெரிந்திருந்தது. ராஜாஜியின் மகன் சி.ஆர்.நரசிம்மன் 1952, 1957 என இரண்டு முறை காங்கிரஸுக்காக ஜெயித்த கிருஷ்ணகிரி மக்களவைத் தொகுதி, 1962-லேயே தி.மு.க.வின் க.ராஜாராமிடம் போய்விட்டது.

1967-ல் அரிசித் தட்டுப்பாடு, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் காயம், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி எல்லாம் சேர்ந்துகொண்டன. சட்டமன்றத்தின் 234 இடங்களில் தி.மு.க. 137 இடங்களை ஜெயித்தது. காங்கிரஸுக்குக் கிடைத்தது சுமார் 50. விருதுநகரில் காமராஜரே, பெ.சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார்.

ஆனால் ஓட்டுக் கணக்கைப் பாருங்கள். காங்கிரஸ் சுமார் 41 சதவீதம். தி.மு.க. அதைவிட ஒரு இம்மி குறைவு! காங்கிரஸ் அநேகமாக எல்லாத் தொகுதிகளிலும் தனியாக நின்றது. தி.மு.க. 174 இடங்களில் நின்று, மீதியை சுதந்திரா, மார்க்சிஸ்ட், முஸ்லிம் லீக் போன்ற கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தது. 15 வருடமாகச் சிதறிக் கிடந்த எதிர்ப்பு ஓட்டுகள் ஒரே பெட்டியில் விழுந்தன.

அந்தக் கூட்டணியில் முக்கியமானவர் யார் தெரியுமா? சுதந்திரா கட்சித் தலைவர் ராஜாஜி. அப்போது அவருக்கு 88 வயது. 1952-ல் சிறு கட்சிகளைச் சேர்த்து காங்கிரஸ் ஆட்சியைக் காப்பாற்றியவரே, 1967-ல் சிறு கட்சிகள் சேர்ந்து காங்கிரஸை இறக்கியபோது எதிரணியில் நின்றார்.

ஜெயித்தவர்களுக்கும் அதே கதி

1969-ல் காங்கிரஸே இரண்டாக உடைந்தது. 1971-ல் தி.மு.க. 234-ல் 184 இடங்களை ஜெயித்தது. அதற்கடுத்த வருடமே எம்.ஜி.ஆர். நீக்கப்பட்டு, அ.தி.மு.க. பிறந்தது. 1977-ல் ஆட்சி அவர் கைக்குப் போனது.

இந்த வரிசையில் கடைசியாக நடந்தது பொம்மிடியை நேரடியாகத் தொட்டது. 2014-ல் 37 தொகுதிகளை அள்ளிய அ.தி.மு.க., 2016-ல் மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. அந்த வருடம் டிசம்பரில் ஜெயலலிதா மறைந்தார். கட்சி பிளந்தது. டி.டி.வி.தினகரன் பக்கம் நின்ற 18 எம்.எல்.ஏ.க்களை 2017 செப்டம்பரில் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். அதில் பாப்பிரெட்டிப்பட்டி எம்.எல்.ஏ. பி.பழனியப்பனும் ஒருவர். பக்கத்துத் தொகுதியான அரூர் எம்.எல்.ஏ.வும் அந்தப் பட்டியலில் இருந்தார்.

2019 ஏப்ரல் 18-ல்தான் இடைத்தேர்தல் நடந்தது. மே மாதம் முடிவு வரும்வரை சுமார் 20 மாதங்கள், பொம்மிடி இருக்கும் சட்டமன்றத் தொகுதிக்கு எம்.எல்.ஏ. இல்லை. சட்டமன்றத்தில் ரோடு கேட்கவும் பஸ் கேட்கவும் ஆளில்லை. உட்கட்சிச் சண்டைக்கு விலை கொடுத்தது தொகுதி மக்கள்.

அந்த இடைத்தேர்தலோடு, அதே நாளில் மக்களவைத் தேர்தலும் நடந்தது. தருமபுரியின் எம்.பி.யாக தி.மு.க.வின் செந்தில்குமார் ஜெயித்தார். பாப்பிரெட்டிப்பட்டியின் எம்.எல்.ஏ.வாக அ.தி.மு.க.வின் கோவிந்தசாமி ஜெயித்தார்.

13 தேர்தல், 5 கட்சி

1977 முதல் 2024 வரை தருமபுரி மக்களவைத் தொகுதி 13 பொதுத்தேர்தல்களைப் பார்த்திருக்கிறது. காங்கிரஸ், தி.மு.க., அ.தி.மு.க., த.மா.கா., பா.ம.க. என ஐந்து கட்சிகள் ஜெயித்திருக்கின்றன. நாடு காங்கிரஸை வீட்டுக்கு அனுப்பிய 1977-ல் இந்தத் தொகுதி காங்கிரஸின் வாழப்பாடி ராமமூர்த்தியை அனுப்பியது. 1996-ல் காங்கிரஸிலிருந்து பிரிந்து வந்த த.மா.கா.வை அனுப்பியது. எந்தக் கட்சியும் 'இது எங்கள் கோட்டை' என்று நிம்மதியாகத் தூங்க முடியாத தொகுதி.

2024-ல் மாநிலத்தின் 39 இடங்களும் தி.மு.க. கூட்டணிக்கே போயின. கூட்டணி மொத்தமாக வாங்கியது பாதிக்கும் குறைவான ஓட்டு. தருமபுரியில் பா.ம.க.வின் சௌமியா அன்புமணி சுமார் 21 ஆயிரம் ஓட்டில்தான் தோற்றார்.

ஆகவே, அடுத்த முறை செல்போனில் தேர்தல் ரிசல்ட் பார்க்கும்போது எத்தனை சீட் என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை சதவீத ஓட்டு, எத்தனை ஓட்டு வித்தியாசம், எதிர் ஓட்டு எத்தனை பேருக்குப் பிரிந்தது என்பதையும் பாருங்கள். 'எல்லாம் ஒரே கட்சி' என்று தெரியும் வரைபடத்துக்குள் எத்தனை லட்சம் மாற்றுக் குரல்கள் இருக்கின்றன என்பது அப்போதுதான் புரியும். தோற்ற பக்கம் ஓட்டுப் போட்டவர்களும் மனம் விட வேண்டியதில்லை. சிதறிய ஓட்டு ஒருநாள் சேரும். சேர்ந்த கட்சியும் ஒருநாள் பிரியும். இரண்டையும் இந்த மண் பார்த்திருக்கிறது.

வீட்டில் 80 வயதைத் தாண்டிய தாத்தா, பாட்டி இருந்தால் 1967-ல் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சொல்ல மாட்டார்கள், அது ரகசியம். ஆனால் ஏன் போட்டார்கள் என்று கேட்டால், அரிசி விலையிலிருந்து ஆரம்பித்துவிடுவார்கள்!